சேமக்காலை வாசலில் ஒரு கல்

9

காலையில் எழுந்தேன். மோட்டரைப் போட்டேன். தண்ணீர்த் தாங்கி நிரம்பும் வரை கிணற்றடியில் நின்று பல் விளக்கினேன். கோழிக்கூட்டைத் திறந்தேன். கோழிகள் என் மனைவி லவீனா வளர்த்தவை. அவை முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. நான் தீன் போடுவதை நிறுத்தவில்லை.

பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி வந்தது. அரை றாத்தல் வாங்கினேன். ஒரு றாத்தல் வாங்கினால் மிஞ்சும்.

தேநீர் வைத்தேன். குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். வெள்ளைச் சேட்டை அயன் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை இல்லை. சகல ஆத்துமாக்களின் நாள், செத்தவர்களை நினைக்கிற நாள். பின்னேரம் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, பூசை இருக்கிறது.

வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் மாமி, லவீனாவின் தாய், வந்தார். பக்கத்து வளவு அவர்களுடையது. கையில் மூடிய பாத்திரம்.

"பாண் வாங்கினீரோ, தம்பி?"

"ஓம் மாமி."

"நான் பிட்டுக் கொண்டு வருவன் எண்டு தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டும் வாங்குறீர்."

பாத்திரத்தை மேசையில் வைத்தார். பாணை எடுத்துக் கோழிகளுக்குப் பிய்த்துப் போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் இது நடக்கும். ஆனால் இன்று அவர் திரும்பிப் போகவில்லை.

"கல்லு வந்திட்டுது. விடியவே லொறி சேமக்காலை வாசல்லை நிக்குதாம். மாமா தேத்தண்ணியும் குடியாமல் போட்டார். நீரும் ஒருக்காப் போம்."

"போறன் மாமி."

"ஓம் எண்டு சொல்லும், தம்பி. மனிசன் இப்பதான் கொஞ்சம் நித்திரை கொள்ளுது."

போன கிழமை நான் மாமாவுக்கு ஓம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு கல்லுக்கு ஓடர் கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ச் சேமக்காலை சிறியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் றோட்டு. பெருப்பிக்க இடமில்லை. ஆகையால் வரிசைப்படி அடக்கம் செய்வார்கள். கடைசி வரிசை முடிந்ததும் திரும்பவும் முதல் வரிசைக்கு வருவார்கள். பழைய குழியைத் திறந்து, கிடைக்கிற எலும்புகளை வெள்ளைத் துணியில் சுற்றி, அதே குழியின் அடியில் வைத்து மண் போடுவார்கள். அதற்கு மேலே புதுப் பெட்டி இறங்கும். வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டிக்கும் இதுதான், கூலிக்குக் கடலுக்குப் போகிறவனுக்கும் இதுதான். ஒரே மேட்டில் இரண்டு வீட்டார் மெழுகுதிரி கொளுத்துவது எங்களுக்குப் புதினமில்லை.

லவீனாவுக்குக் கீழே மனுவல் அண்ணை இருக்கிறார். மாமாவின் வள்ளத்தில் நெடுங்காலம் தொழில் செய்தவர். நெஞ்சுவலியில் போனவர்.

இந்த முறையில்தான் இப்போது ஒரு மாற்றம் வரப்போகிறது. மாமா எங்கள் பங்குக் கோயிலின் கோபுரத்தைக் கட்டி முடித்துக் கொடுப்பார். பதிலாக லவீனாவின் குழியை இனி யாரும் திறக்கக் கூடாது. மேலே கல் போட்டு மூடி நிரந்தரக் கல்லறை ஆக்க வேண்டும். பங்குச் சபை சம்மதித்துவிட்டது. கணவன் சம்மதித்தால் சரி. பின்னேரப் பூசையில் பாதர் கல்லைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து வைப்பார்.

நான் ஓம் என்றால் காணும், அதுவே போதும்.

*

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

லொறி போய்விட்டிருந்தது. கல்லை இரண்டு மரக்குற்றிகளின் மேல் வாசலில் இறக்கி வைத்திருந்தார்கள். கறுப்புக் கல். முகம் தெரிகிற மினுக்கம். அதில் லவீனாவின் பெயர் பொன்னிறத்தில் இருந்தது. பெயருக்குக் கீழே என் பெயர். அதற்கும் கீழே மாமாவின் பெயர், "அன்புத் தந்தையின் காணிக்கை" என்று.

மாமா சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். மரியரட்ணம் சம்மாட்டி என்றால் பருத்தித்துறைச் சந்தையிலும் தெரியும். பெருநாள் ஏலத்தில் முதல் தேங்காயை வேறு யாரும் எடுத்ததை நான் பார்த்ததில்லை. ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கிறார். செருப்புப் போட மாட்டார்.

"வாரும், றஜிந்தன். கையை வைச்சுப் பாரும். எப்பிடி வழுக்குது!"

கையை வைத்தேன். குளிராக இருந்தது.

"நல்ல கல்லு மாமா."

"மழை, உப்புக்காத்து ஒண்டும் செய்யாதாம். உமக்கும் எனக்கும் பிறகும் இருக்கும்."

உள்ளே, மேட்டடியில், இராசாத்தி அக்கா குந்தியிருந்தா. மனுவல் அண்ணையின் மனைவி. சந்தையில் மீன் விற்கிறவ. ஒரு உரப்பையில் வெள்ளை மணல் கொண்டுவந்திருந்தா. புல்லைப் பிடுங்கிவிட்டு மணலைப் பரப்பிக்கொண்டிருந்தா. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, முழு மேட்டுக்கும். போன வருடமும் நான் வந்தபோது மணல் போட்டு முடிந்திருந்தது.

"சம்மாட்டியார்," அங்கிருந்தபடியே கூப்பிட்டா. "உந்தக் கல்லிலை அவற்றை பேரும் இருக்கோ?"

"ஆற்றை?"

"ஆற்றையாம்! உங்கடை வள்ளத்திலை அணியத்திலை நிண்டவற்றை."

கல் இறக்கிய பெடியள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"இராசாத்தி, நீ கால்மாட்டிலை கொளுத்து. ஆர் வேண்டாமெண்டது?"

"கல்லிலை மெழுகு வழிஞ்சால் ஆர் சுரண்டுறது? நீங்களோ நானோ?"

"வாயைப் பார். மீன் விக்கிற வாய்."

"ஓம், உங்கடை மீனைத்தான் விக்கிறன். விலை சொல்லேக்கை இந்த வாய் உங்களுக்கு இனிக்கும்."

இப்போது மாமாவுக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அக்கா எழுந்து, இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தா. அதன் பிறகு சொன்னதில் பகிடி இருக்கவில்லை.

"அவர் உயிரோடை இருக்கேக்கை உங்களுக்குக் கீழை நிண்டார். இப்ப உங்கடை பிள்ளைக்குக் கீழை கிடக்கிறார். அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளை பாரமில்லை. கல்லையும் அவரோ தூக்கோணும்?"

மாமா கல்லின் பக்கம் திரும்பினார். 

லவீனாவை அடக்கம் செய்த நாளில் குழியைத் திறந்தபோது வெள்ளைத் துணியோடு நின்றவ இதே அக்காதான். எலும்புகளைத் தானே பொறுக்கிச் சுற்றினா. துணியில் முடிச்சுப் போட்டதும் என்னைப் பார்த்து, "இனி இறக்குங்கோ, தம்பி" என்றா. பழைய வீட்டைக் கூட்டித் துடைத்து மற்றவரிடம் கொடுப்பதுபோல. நான் நன்றி சொல்லவில்லை. அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை.

"தம்பி, நீங்கள் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை."

"யோசிக்கிறன் அக்கா."

"யோசியுங்கோ. நான் அதுக்கிடையிலை மண்ணைப் போட்டு முடிச்சிடுவன்."

*

பாதர் பங்குமனை விறாந்தையில் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். காலைப் பூசை முடிந்த களைப்பு. எனக்குக் கதிரையைத் தள்ளிவிட்டார்.

அங்கிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும். பாதியில் நிற்கிறது. கம்பிகள் வானத்தைப் பார்த்துக் கறள் பிடிக்கின்றன. அதில் காகம் கூடு கட்டிப் பல மாரி போய்விட்டது.

"நீங்கள் என்னோடை கோபமோ, றஜிந்தன்?"

"இல்லை பாதர்."

"லவீனா இருந்திருந்தால் எனக்கு ஏசியிருப்பா."

அது உண்மை. லவீனா பங்கின் நிதிக்குழுவில் இருந்தவள். நிரந்தரக் கல்லறை கொடுத்துக் காசு சேர்க்கலாம் என்று முதன்முதலில் கதை வந்தபோது எழுந்து நின்றவள் அவள்தான். "வாங்கிலிலை பேர். சுவரிலை பேர். ஃபானிலையும் பேர், அது சுத்தேக்கை ஆருக்கும் தெரியாது, பறுவாயில்லை. மண்ணுக்குள்ளையெண்டாலும் பேரில்லாமல் கிடப்பம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கதை அத்தோடு விடுபட்டது. அப்போது அவளுக்கு நோய், வருத்தம் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவரின் கல்லறையைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம்.

"அவ சொன்னது சரி," என்றார் பாதர். "நான் அதுக்கு எதிர் இல்லை. ஆனால் நான் என்ன செய்யிறது? கூரை ஒழுகுது. பீடத்துக்கு மேலை வாளி வைச்சுப் பூசை வைக்கிறன். வெளிநாட்டுக்குக் கடிதம் போட்டால் கூரைக்கு ஒருத்தரும் தாறாங்கள் இல்லை. கூரையிலை பேர் எழுதேலாது."

"காணி இருக்குத்தானே பாதர்?"

கேட்டுவிட்டு, கேட்டிருக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். எனக்கே தெரியும். கோயிலுக்குத் தென்னங்காணி இருக்கிறது. பாதி ஊர் கோயில் காணியில்தான் குடியிருக்கிறது. உறுதிப் பத்திரங்கள் ஆயர் இல்லத்தில். விற்க முடியாது. குடியிருக்கிற சனத்தை எழுப்பவும் முடியாது, எழுப்பவும் கூடாது. நான் உடுப்பிட்டியில் வர்த்தகம் படிப்பிக்கிறேன். சொத்து நிறைய இருந்தும் கையில் காசில்லாத நிறுவனம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கடினம். எங்கள் கோயிலைக் காட்டினால் உடனே விளங்கும். காட்டுவதில்லை.

"வெளியிலை இருந்து பாக்கிறவைக்குக் கோயில் பணக்காரன்," என்றார் பாதர். "உள்ளை இருக்கிற எனக்குத்தான் தெரியும், கரண்ட் பில்லுக்கு என்ன பாடெண்டு. உங்கடை மாமா கோபுரத்தோடை கூரையையும் செய்து தாறன் எண்டிட்டார். நான் மாட்டன் எண்டு சொல்லுற அளவுக்கு எனக்குப் பலமில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்லுறன்."

"மனுவல் அண்ணை?"

அவர் கையிலிருந்த தேநீரைப் பார்த்தார்.

"விருப்பமெண்டால் எடுத்து வேறை இடத்திலை வைக்கலாம். ஆனால் எடுக்கிறதெண்டால் மேலை உள்ளதையும் திறக்கோணும்."

மேலே உள்ளது. பாதர் சொல்லிவிட்டு வருந்தினார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார்.

"பறுவாயில்லை பாதர்."

"பூசைக்கு முதல் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நீங்கள் ஓம் எண்டால் மந்திரிப்பன். இல்லையெண்டால், மாமாவுக்கு நீங்கள்தான் சொல்லோணும். என்னாலை ஏலாது."

*

மத்தியானம் மாமா கடற்கரையில் இருந்தார். கரையேற்றிய வள்ளத்தின் நிழலில். சாப்பிடப் போகவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன்.

 கடலைப் பார்த்தபடி கதைத்தார்.

"கோபுரம் எனக்கு வேண்டாம், றஜிந்தன். அது பாதருக்கு. எனக்கு வேணுமெண்டது வேறை."

"சொல்லுங்கோ மாமா."

"என்னைப் பெத்த அப்புவின்ரை குழியைத் திறந்தவங்கள், நான் பக்கத்திலை நிண்டனான். மண்டையோட்டை எடுத்துக் கையிலை தந்தாங்கள், துணியிலை வையுங்கோ எண்டு. வைச்சன். அப்பு கிழவன். வாழ்ந்து முடிச்ச மனிசன். அதைத் தாங்கினன்." மணலில் விரலால் கீறினார். "வரிசை சுத்தி வரேக்கை நான் உயிரோடை இருப்பன். எங்கடை ஆக்கள் லேசிலை சாகாதுகள். அப்ப ஆர் வந்து நிக்கிறது? நான்தான் நிக்கோணும். அவளின்ரை தலையை என்ரை கையிலை தருவாங்கள்."

 மாமா பெயருக்காகச் செய்கிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது.

"நான் நிக்கிறன் மாமா. நீங்கள் வரத் தேவையில்லை."

"நீர்?" அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. "நீர் சின்னன். நாளைக்கு வேறை கலியாணம் முடிப்பீர். முடிக்கத்தான் வேணும். அப்ப நீர் எங்கை இருப்பீரோ ஆருக்குத் தெரியும். நீர் இருக்கிற வீடும் அவளின்ரை பேரிலைதானே இருக்கு."

அவர் அந்த வீட்டைப் பற்றி இதுவரை கதைத்ததில்லை. சீதன வீடு. பிள்ளை இல்லாமல் பெண் போனால் சீதனம் பெண் வீட்டுக்குத் திரும்பும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மாமி பிட்டுக் கொண்டுவருவதும் நான் கோழிக்குத் தீன் போடுவதும் அவர் அதைப் பற்றிக் கதைக்காமல் இருந்ததனால்தான்.

தான் சொன்னதை அவரும் அப்போதுதான் கேட்டார். முகத்தைத் துடைத்தார்.

"நான் அதுக்குச் சொல்லேல்லை."

"விளங்குது மாமா."

"விளங்கினால் ஓம் எண்டு சொல்லும்."

எழுந்து போனார். மணலில் அவர் கீறியது ஒரு நீள் சதுரம். கல்லின் அளவு இருக்கும்.

*

பின்னேரம் சேமக்காலை நிறைந்திருந்தது. மேட்டுக்கு மேடு மெழுகுதிரி. காற்றுக்கு அணைந்தவற்றைப் பக்கத்து மேட்டுக்காரரின் திரியில் பற்றவைத்தார்கள். பாடகர் குழு கிழக்கே கொண்டல் பக்கம் நின்று பாடியது. வாசலில் கல் இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டே உள்ளே வந்தார்கள்.

நாங்கள் எங்கள் மேட்டடியில் நின்றோம். மாமா வெள்ளை வேட்டியில். மாமி தலைக்கு முக்காடு போட்டு. கால்மாட்டில் இராசாத்தி அக்கா.  தன் மெழுகுதிரியை மணலில் குத்தியிருந்தா. எப்போதும் தலைமாட்டில் குத்துகிறவ, இன்று காலடிக்கு இறங்கியிருந்தா.

அதைக் கண்டதும் நான் தீர்மானித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பாதர் தீர்த்தச் செம்போடு வந்தார். எங்கள் முன்னால் நின்றார். என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற சனமும் பார்த்தது.

"றஜிந்தன்?"

"கல்லு வேண்டாம் பாதர்."

மெல்லத்தான் சொன்னேன். பாட்டு அந்த நேரம் பார்த்து முடிந்திருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

 மாமிதான் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, என்ன கதைக்கிறீர்? பிள்ளை சொன்னதை மறந்திட்டீரே? 'அம்மா, என்னைத் தனிய விடாதேங்கோ' எண்டெல்லே கடைசியாச் சொன்னவள். அவளுக்கெண்டு ஒரு இடம் வேணும். அதைத்தானே கேட்டவள்."

மாமி பொய் சொல்லவில்லை. லவீனா அதைச் சொன்னாள். அவள் போவதற்கு முதல் நாள் பின்னேரம், ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்து மாமி வீட்டுக்குப் புறப்பட்டபோது. மாமிக்கு அதுதான் கடைசிச் சொல். செத்தவீட்டில் மாமி அதைச் சொல்லி அழுதார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது மாமா கேட்டார்.

"நீர்தானே அடுத்த நாள் விடிய நிண்டனீர்." குரல் கரகரத்தது. "சொல்லும். அவள் தனக்கெண்டு இடம் கேட்டவளோ இல்லையோ? என்ன சொன்னவள்?"

பாதர் செம்பைத் தாழ்த்தினார். இராசாத்தி அக்கா தன் திரியைக் கையால் மறைத்து நின்றா, காற்றுப் படாமல். வாசலில் கல் இருந்தது. அதை யார் இனி எங்கே தூக்கிப் போவார்கள், கோபுரம் என்னாகும், நாளை மாமி பொட்டுக்குள்ளால் வருவாரா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலையைச் சொன்னேன்.

வோட்டில் சனம் நிறைந்திருந்தது. டெங்குக் காலம். எனக்கிருந்த ஒற்றைக் கதிரையைப் பக்கத்துக் கட்டில்காரரின் தாய்க்குக் கொடுத்துவிட்டேன். இரவு முழுவதும் நின்ற கால் நோவு. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றேன். லவீனா நித்திரை என்று நினைத்தேன். அவள் கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தாள். ஊசி ஏற்றிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல, சுவர்ப்பக்கம் நகர்ந்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. கட்டிலில் ஒரு கை அகலம் இடம் வந்தது. அதை மற்றக் கையால் தட்டிக் காட்டினாள்.

நான் கட்டிலில் இருக்கவில்லை. ஊசி இழுபடும் என்றேன். தேநீர் வாங்கி வருகிறேன் என்று கீழே போனேன். திரும்பி வந்தபோது திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

"அவள் இடம் கேக்கேல்லை மாமா," என்றேன். "தந்தவள்."

"என்ன சொன்னவள் எண்டு கேக்கிறன்."

"'இதிலை வந்து இருங்கோ. ரெண்டு பேருக்கும் காணும்.'"